காண்டாமிருகம் ஏறும் மேடு

காண்டாமிருகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழும் காட்சி ஆப்பிரிக்கக் கண்டத்தினுடையதாகவே இருக்கும். பரந்த புல்வெளி, குடை விரித்தாற்போன்ற முள்மரங்கள், ஜீப்பில் அமர்ந்து புகைப்படம் எடுக்கும் வெள்ளைக்காரர்கள் என்று, திரைப்படங்களில் கண்டு கண்டு இப்படியொரு சித்திரம் நமக்குள் பதிந்துவிட்டது. அதில் பிழை இல்லை. ஆப்பிரிக்காவில் இரு வகைக் காண்டாமிருகங்கள் உண்டு. ஆயினும், உலகில் எஞ்சியுள்ள ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்களில் பெரும்பகுதி நம் இந்திய நாட்டிலேயே, அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் தென்கரையிலுள்ள காசிரங்கா என்னும் ஒரே வனத்தில் வாழ்கின்றது என்பதை நம் தீவிலுள்ள தமிழ் அன்பர்கள் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. 2022ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி அங்கு வாழ்ந்தவை 2,613. உலகம் முழுவதிலும் அவ்வினத்தில் உள்ளவை ஏறக்குறைய 4,000 மட்டுமே.

நான் லம்டிங் நகரில் இரயில்வே அலுவலகமொன்றில் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன். பிறந்து வளர்ந்தது ஹேடோவில். பெற்றோர் இன்றும் அங்கேயே இருக்கின்றனர். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். ஆகவே விலங்கு சாஸ்திரம் எழுதுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். சென்ற முறை விடுமுறையில் ஊர் வந்தபோது, "தம்பி, அஸ்ஸாமிலே காண்டாமிருகக் காடு இருக்கிறதாமே, நீ பார்த்ததுண்டா?" என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் வினவினார். அதுவரை பார்த்ததில்லை. அத்தனை அருகில் இருந்துகொண்டு பார்க்காமலிருப்பது தகாது என்று தோன்றவே, பிப்ரவரி மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கண்டதையும், அங்குள்ளோர் வாயிலாகக் கேட்டறிந்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கு எழுதுகிறேன்.

காசிரங்காவின் வாயிலுக்கே இரயில் செல்வதில்லை. லம்டிங்கிலிருந்து டிமாபூர் வழியாகப் பர்க்கட்டிங் சந்திப்பு வரை வண்டியில் சென்று, அங்கிருந்து கோலாகாட், நுமாலிகர், போகாகாட் வழியாகக் கோஹோரா என்னும் சிற்றூரைப் பேருந்தில் அடைய வேண்டும். வழி நெடுகத் தேயிலைத் தோட்டங்கள். கத்தரித்துவிட்ட பாத்தி போன்ற அந்தப் பசுமையைக் கண்டதும், இலங்கையின் மலைநாட்டிலிருந்து திரும்பி நம் தீவுகளில் குடியேறிய குடும்பங்களின் நினைவு எனக்கு வந்தது. இங்குள்ள தொழிலாளரின் முன்னோர்களும் சோட்டா நாகபுரி முதலிய தொலைவிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களே. அது தனிக் கதை.

போகாகாட்டைக் கடந்ததும் ஒன்றைக் கவனித்தேன். சாலையின் இடப்புறம் கார்பி ஆங்லாங் மலைகள் எழுந்து நிற்கின்றன. வலப்புறம் நிலம் தாழ்ந்து, புல்லும் நீருமாய்ப் பரந்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிரம்மபுத்திராவில் சென்று முடிகின்றது. மலைக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே, கத்தியால் கோடு கிழித்தாற்போல், லாரிகள் ஓயாது ஓடும் தேசிய நெடுஞ்சாலை. வலப்புறம் இருப்பதுதான் சரணாலயம். இந்த அமைப்பை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; காசிரங்காவின் கதை முழுவதும் இந்தச் சாலையைச் சுற்றியே நிகழ்கின்றது.

மறுநாள் விடியற்காலையில், பனி விலகுமுன், அனுமதிச் சீட்டுப் பெற்று ஜீப்பில் ஏறினோம். யானைமீது அமர்ந்தும் செல்லலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுடன் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹிந்தியில் பேசினார். நம் தீவில் பிறந்தவனுக்கு ஹிந்தி தாய்மொழிக்கு அடுத்த மொழியாயிற்றே. அது அன்று கைகொடுத்தது. "தாதா, கடல் தீவிலிருந்தா வருகிறீர்கள்?" என்று வியந்தவர், அதன்பின் வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

ஆனைப்புல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போதுதான் பொருள் விளங்கியது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் அந்தப் புல்லுக்குள் யானையே மறைந்துவிடுகிறது. கோடைக்கு முன்பாக வனத்துறையார் இப்புல்லைப் பகுதி பகுதியாக எரித்துவிடுகிறார்கள். சாம்பலிலிருந்து இளம் புல் தளிர்க்கும், மேய வரும் விலங்குகளும் கண்ணுக்குத் தென்படும். அப்படி எரிந்த வெளி ஒன்றின் ஓரத்தில், இலைகளை உதிர்த்துவிட்டுச் சிவந்த பூக்களோடு நின்ற முள்ளிலவ மரத்தின் அடியில்தான், நான் முதன்முதலாக ஒற்றைக் கொம்பனைக் கண்டேன்.

அதை அழகு என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. உடல் முழுவதும் தடித்த தோல் மடிப்பு மடிப்பாகத் தகடு வைத்ததுபோல் தொங்குகிறது. தோளிலும் தொடையிலும் சிறு சிறு குமிழ்கள். எங்கள் பணிமனையில் நிற்கும் பழைய சரக்கு வண்டிகளின் இரும்புத் தகடுகளில் வரிசையாக ரிவெட்டு அடித்திருக்குமே, அச்சொட்டாக அதே தோற்றம். இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த உருவம், முதுகின்மேல் ஒரு மைனாவையும் சுமந்துகொண்டு, நாங்கள் வந்ததைப் பொருட்படுத்தாமல் பசுவைப்போல் புல்லைக் கறித்துக்கொண்டிருந்தது. அதன் அருகில் ஒரு கன்று. தாயின் தகட்டுச் சட்டை அதற்குச் சற்றுப் பெரிதாகத் தைத்துப் போட்டதுபோலிருந்தது.

கண் பார்வை இதற்குக் குறைவு. மூக்கும் செவியும் கூர்மை. காற்று எங்கள் பக்கமிருந்து வீசியதும், காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பின. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் அது எங்களையே நோக்கி நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு. கன்றோடு புல்லுக்குள் நுழைந்து மறைந்தது. இந்த இனம் சினங்கொண்டால் கொம்பால் குத்துவதைவிடக் கீழ்த்தாடையிலுள்ள கூரிய பற்களால் கிழிப்பதே அதிகமாம். ஓட்டத்தில் மனிதனை எளிதில் முந்திவிடும். நன்றாக நீந்தவும் செய்யும். இன்னொரு வினோதம்: பல விலங்குகள் ஒரே இடத்தில் வந்து சாணமிடுகின்றன. அந்தச் சாணக் குவியலே அவற்றுக்குச் செய்திப் பலகை. எவர் வந்தார், எவர் போனார் என்பதை மோந்து அறிந்துகொள்கின்றன.

ஒரு கன்று பிறக்க ஏறத்தாழ பதினாறு மாதங்கள் ஆகின்றன. ஒரு பிரசவத்தில் ஒன்றே. அடுத்த கன்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இந்த இனத்தில் ஒன்றைக் கொன்றால் அந்த இழப்பு விரைவில் ஈடாவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை ஒரு விளையாட்டாகவே இருந்தது. தேயிலை பயிரிடப் புல்வெளிகளும் அழிந்தன. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது காசிரங்காவில் எஞ்சியவை பத்துப் பன்னிரண்டே என்று சொல்வதுண்டு.

அக்காலத்தில் வைசிராயாக இருந்த கர்ஸன் பிரபுவின் மனைவியார் காண்டாமிருகம் காண ஆசைப்பட்டு இங்கு வந்தார் என்றும், பலராம் ஹஜாரிகா என்னும் உள்ளூர் வழிகாட்டி அவருக்குக் காலடித் தடங்களை மட்டுமே காட்ட முடிந்தது என்றும், அவ்வருத்தத்தோடு திரும்பியவர் கணவரை வற்புறுத்தினார் என்றும் இப்பகுதி மக்கள் இன்றும் சொல்கின்றனர். கதை எவ்வளவு மெய்யோ, 1905ஆம் ஆண்டில் இவ்வனத்தைக் காப்புக்காடாக்கும் அறிவிப்பு வந்தது மெய். 1916இல் இது வேட்டை விலங்குக் காப்பகமாயிற்று. 1938இல் வேட்டை நின்று, பார்வையாளர்களுக்குக் கதவு திறந்தது. 1950இல் வனவிலங்குச் சரணாலயம் என்ற பெயர் பெற்றது. 1954இல் காண்டாமிருகத்துக்கென்றே அஸ்ஸாம் அரசு தனிச் சட்டம் இயற்றியது. 1974இல் 430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக உயர்ந்தது. நம் தென் அந்தமான் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். 1985இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1966ஆம் ஆண்டுக் கணக்கில் 366 ஆக இருந்த தொகைதான் இன்று ஏழு மடங்காகியிருக்கிறது.

இந்தத் தொகை தானாகப் பெருகவில்லை. காட்டுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட காவல் முகாம்கள் இருக்கின்றன. வெள்ளம் ஏறாதபடி கால் நட்டு உயர்த்திய சிறு கொட்டகைகள். மின்சாரம் அரிது. நான்கைந்து பேர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெயோடு வாரக்கணக்கில் அங்கே தங்கி, பகலும் இரவும் நடந்து காவல் காக்கின்றனர். எங்களோடு வந்த காவலரும் அப்படி ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவரே. "உங்களுக்குப் பயமாக இராதா, தாதா?" என்று கேட்டேன். "புலியைக் கண்டு பயமில்லை. துப்பாக்கியோடு வருகிற மனிதனைக் கண்டுதான்" என்றார். 2023 முதல் பெண்களும் இங்கு வனக்காவலராகப் பணியேற்றிருக்கின்றனர். அவர்களை 'வன துர்க்கை' என்று அழைக்கிறார்கள்.

துப்பாக்கியோடு வருபவன் தேடுவது கொம்பை. சீனத்திலும் வியட்நாமிலும் அது மருந்தென்று நம்பி, பொன்னைவிட அதிக விலை கொடுத்து வாங்குவோர் இருக்கின்றனர். சீன அரசு 1993இலேயே அவ்வாணிபத்தைத் தடை செய்தும் மறைமுக வியாபாரம் ஓயவில்லை. கொம்பு எதனால் ஆனது? நம் நகமும் மயிரும் எதனால் ஆனவையோ அதே கெராட்டின் என்னும் பொருளால். காய்ச்சலுக்கு நகத்தை அரைத்துக் குடிப்பவன் எத்தகைய அறிவாளியோ, இவர்களும் அத்தகையோரே. 2013, 2014ஆம் ஆண்டுகளில் அஸ்ஸாமில் ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள் கொள்ளையரிடம் உயிரிழந்தன. பிறகு காவல் இறுகியது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், அரசுக் கருவூலங்களில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த கொம்புகளில் 2,479ஐப் போகாகாட்டில் அடுக்கித் தீயிட்டனர். இவை எவருக்கும் விலைப்பொருள் அல்ல என்று உலகுக்கு அறிவிக்கும் பொருட்டு. அடுத்த ஆண்டாகிய 2022இல் அஸ்ஸாம் முழுவதிலும் ஒரு காண்டாமிருகம்கூடக் கொள்ளையரால் கொல்லப்படவில்லை. 1977க்குப் பின் அப்படியோர் ஆண்டு வாய்த்தது அதுவே முதன்முறை.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருப்பேன், அன்று பிற்பகல் பாகோரிப் பகுதியில் அந்த மண்மேட்டைக் காணாதிருந்தால். சமவெளியின் நடுவே, யாரோ மண்ணைக் கொட்டிக் குவித்துச் சமன்படுத்தியதுபோல் ஒரு நீண்ட மேடு. கோவில் இல்லை, கட்டடம் இல்லை, மேலே புல் மட்டுமே. இது எதற்கு என்று காவலரை வினவினேன். "வெள்ளம் வரும்போது ஏறி நிற்பதற்கு" என்றார். எவர் ஏறி நிற்க? "எல்லோரும்தான். காண்டாமிருகம், மான், பன்றி. சில சமயம் ஒரு மூலையில் புலிகூட."

பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் ஆனி ஆடி மாதங்களில் பெருகிக் காசிரங்காவுக்குள் புகுகிறது. அந்த வெள்ளம் பகையன்று. ஏரிகளை நிரப்பி, மீன் குஞ்சுகளைக் கொணர்ந்து, ஆகாயத்தாமரையை அடித்துச் சென்று, வண்டலைப் பரப்பிப் புல்லை வளர்ப்பது அதுவே. வெள்ளம் வராத ஆண்டுகள் தொடர்ந்தால் புல்வெளி மெல்ல மெல்ல மரக்காடாகிவிடும். காண்டாமிருகத்துக்கு மேய இடமிராது. ஆனால் அளவு மீறிய வெள்ளம் கொன்றும் விடுகிறது. 2017இல் அடுத்தடுத்து வந்த பெருக்குகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. 2024இலும் இருநூறுக்கு மேல். பெரும்பாலானவை பாடா எனப்படும் சிறு மான்கள்; காண்டாமிருகங்களும் அவற்றுள் உண்டு. நீந்தத் தெரிந்த பெரிய விலங்கு தாக்குப்பிடிக்கிறது. கன்று களைத்துத் தாயை விட்டு விலகிவிடுகிறது.

நீர் ஏற ஏற, தாழ்நிலத்து விலங்குகள் யாவும் தெற்கு நோக்கி, கார்பி ஆங்லாங் மலையை நோக்கி நடக்கின்றன. எவரும் கற்பிக்காமலே தலைமுறை தலைமுறையாக அறிந்த வழி அது. பான்பாரி, ஹல்திபாரி, காஞ்சன்ஜூரி, அம்குரி என்று அவ்வழிகளுக்குப் பெயர்களும் உண்டு. முதலில் நான் குறிப்பிட்ட நெடுஞ்சாலை அவ்வழிகளையெல்லாம் குறுக்கே வெட்டுகிறது. சாலையைத் தாண்ட முடிந்தால் பிழைக்கும்; முடியாவிட்டால் லாரியின் கீழ்.

இதைக் கேட்டபோது எனக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நினைவுக்கு வந்தது. நம் அன்பர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. நிலம் குலுங்கி நின்றபின், கடல் பின்வாங்கியதைக் கண்ட பெரியவர்கள் "மேட்டுக்கு ஓடு, மேட்டுக்கு ஓடு" என்று கத்தியது இன்றும் காதில் நிற்கிறது. ஹேடோவில் நமக்கு ஏறுவதற்கு மேடு இருந்தது. கச்சால் முதலிய தாழ்ந்த தீவுகளில் கரையோரத்தில் வசித்த மக்களுக்கு அது கிட்டவில்லை. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் நிலம் தாழ்ந்ததால் கடல்நீர் ஏறி இறங்கும் சேறாகிப் போயின. ஏறுவதற்கு மேடும், மேட்டுக்குச் செல்ல வழியும் இருப்பது எத்தகைய செல்வம் என்று நாம் அறிவோம். இரண்டாயிரம் கிலோ எடையும் இரும்புத் தோலும் உடைய இந்த மிருகத்துக்கும் வேண்டியது அதுவே.

அதனால்தான் 1990களில் வனத்துறையார் காட்டுக்குள் 100க்கும் மேற்பட்ட மண்மேடுகளை எழுப்பினர். பழையவை கரைந்தும் தாழ்ந்தும் போகவே, 2016க்குப் பின் 30க்கும் மேற்பட்டவற்றைப் பெரிய அளவில் அமைத்தனர். நான் கண்டது அவற்றுள் ஒன்று. ஆனால் மேட்டில் நின்றுகொண்டு எத்தனை நாள் பசியோடு இருக்க முடியும்? மலையடிவாரத்துக்கு அது மாற்றாகாது.

வெள்ளக் காலத்தில் சாலையில் நடைபெறும் ஏற்பாடு ஒன்று இரயில்வேக்காரனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. சரணாலயத்தை ஒட்டிய பகுதியில் நுழையும் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் குறித்த சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லக்கூடாது. மறுமுனையில் அச்சீட்டைக் காட்டவேண்டும். குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்தால், வேகமாக ஓட்டினான் என்பது கையும் களவுமாகத் தெரிந்துவிடும், அபராதம். எங்கள் இலாகாவில் பழுதான பாதையில் செல்லும் வண்டிக்கு 'காஷன் ஆர்டர்' கொடுப்பதுண்டு. அதையே லாரிகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். முன்கூட்டி வந்ததற்காக அபராதம் வாங்கும் இடம் இந்தியாவில் இது ஒன்றுதானோ என்னவோ. எங்கள் வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

வெள்ளத்தில் தாயைப் பிரிந்த கன்றுகளை எடுத்து வளர்க்க, போகாகாட்டுக்கு அருகே 2002இல் ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். அஸ்ஸாம் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. புட்டிப்பால் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பேணி, வளர்ந்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அப்படி வளர்ந்த கன்று ஒன்று 2006இல் மானஸ் தேசியப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் பல சென்றன. பூட்டான் எல்லையிலுள்ள மானஸில் 1990களின் கலவரக் காலத்தில் காண்டாமிருகம் அடியோடு அழிந்துபோயிருந்தது. 2008 முதல் பொபிதோரா, காசிரங்கா ஆகிய இடங்களிலிருந்தும் விலங்குகளைக் கொண்டுபோய்விட்டு, அங்கு மறுபடியும் ஒரு குடியை உண்டாக்கியிருக்கிறார்கள். வேற்றூரில் வேரூன்றிய நம்மைப் போன்றவர்களுக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தரவல்லது.

ஏன் இப்படிப் பிரித்துக் குடியேற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஜாவா தீவைப் பாருங்கள். அங்குள்ள காண்டாமிருக இனம் உஜுங் குலோன் என்னும் ஒரே கடலோரக் காட்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஐம்பதை ஒட்டியே அதன் தொகையை மதிப்பிடுகிறார்கள். வியட்நாமில் இருந்த கடைசி ஒன்று 2010இல் கொல்லப்பட்டது. உஜுங் குலோனுக்கு எதிரே கடலில் இருப்பது கிரகடோவா எரிமலை. 2018 டிசம்பரில் அவ்வெரிமலையின் ஒரு பக்கம் சரிந்து சுனாமி எழுந்தபோது, வனத்துறைக் கட்டடங்கள் சேதமுற்றன. காண்டாமிருகங்கள் வேறு பக்கத்தில் இருந்தமையால் தப்பின. ஒரே அலையில் ஓர் இனமே முடிந்திருக்கக்கூடும்.

ஆப்பிரிக்காவிலும் இரண்டு விதமான முடிவுகளைக் காணலாம். தென்னாப்பிரிக்காவில் உம்ஃபொலோசி என்னும் இடத்தில் மட்டும், நூறு கூட இல்லாத அளவில், வெள்ளைக் காண்டாமிருகம் எஞ்சியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1960களில் அங்கிருந்து பிடித்துப் பல இடங்களுக்குப் பரப்பியதால் இன்று பதினைந்தாயிரம் என்ற அளவில் இருக்கிறது. அதன் வடக்கு இனத்துக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கென்யாவில் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் 2018 மார்ச் மாதம் கடைசி ஆண் விலங்கு இறந்தபின், நாஜின், ஃபாட்டு என்று தாயும் மகளுமாக இரண்டு பெண்களே மிஞ்சின. அவற்றுக்கு இரவும் பகலும் ஆயுதக்காவல். காவலுக்குக் குறைவில்லை, காக்க இனம் இல்லை.

காசிரங்காவுக்குத் திரும்புவோம். மலைப்பக்கம் என்ன நிலையில் இருக்கிறது? சில இடங்களில் காடு. சில இடங்களில் கல்குவாரிகள் மலையைக் குடைந்திருந்தன. காசிரங்காவுக்குள் பாயும் ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் சுரங்கத் தொழிலை 2019இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. சாலையோரம் முழுவதும் விடுதிகளும் உணவகங்களும் பெருகியிருக்கின்றன. நான் தங்கியதும் அப்படியொரு விடுதியில்தான். ஆகவே அதிகம் குறைகூற எனக்கு வாயில்லை. சாலையை விலங்குகளின் வழிகள்மேல் தூண்களில் உயர்த்திக் கட்டும் திட்டத்துக்கு 2025ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நீளத்துக்கு லாரிகள் மேலே செல்ல, யானையும் காண்டாமிருகமும் கீழே நடக்கும். கட்டி முடிக்கும்வரை நேரச் சீட்டுத்தான் துணை.

இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 2016 செப்டம்பரில், உயர் நீதிமன்ற ஆணையின்படி, சரணாலயத்தின் ஓரத்திலிருந்த பாந்தர்துபி முதலிய கிராமங்களில் குடியிருந்தோரை வெளியேற்றினர். அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கொள்ளையரைச் சுடுவதில் வனக்காவலர்க்கு 2010இல் அளித்த சட்டப் பாதுகாப்பைப் பற்றியும் உலகின் பல பத்திரிகைகள் கேள்வி எழுப்பியிருக்கின்றன. கொள்ளையனோடு போராடி உயிரிழந்த காவலர் உண்டு. வழி தவறி நுழைந்து உயிரிழந்த ஏழையும் உண்டு என்கிறார்கள் ஊர்மக்கள். மாடு மேய்க்கப் போனவனையும் கொம்பு அறுக்க வந்தவனையும் இருட்டில் பிரித்தறிவது எளிதன்று என்பது காவலரின் வாதம். எனக்குத் தோன்றுவது இதுதான்: விலங்குக்கு மேடு வேண்டும் என்று சொல்கிற அதே வாயால், வெளியேற்றப்படும் குடும்பத்துக்கும் முன்கூட்டியே ஒரு மேடு காட்டவேண்டும் என்று சொல்லியாக வேண்டும். குடிபெயர்ந்து வந்து பட்டாவுக்காகப் பல்லாண்டு காத்திருந்தோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் தீவுகளைப் பற்றியும் ஒரு சொல். நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாட்சிப் பறவை நம்முடையது. ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவுக்கு வெளியே உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. பெரிய நிகோபாரில் கலாத்தியா விரிகுடாவின் மணலில், உலகின் மிகப் பெரிய கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன. அவ்விரிகுடா சரணாலயமாக இருந்தது. துறைமுகத் திட்டத்தின்பொருட்டு 2021 ஜனவரியில் அத்தகுதி நீக்கப்பட்டது. காசிரங்காவில் நூறாண்டுகளாக ஒவ்வொரு படியாக உயர்ந்த பாதுகாப்பு, இங்கு ஒரே கூட்டத்தில் இறங்கிவிட்டது. துறைமுகத்தால் வேலை கிடைக்கும் என்று நம் இளைஞர்கள் எதிர்பார்ப்பதை நான் அறிவேன். ஹேடோத் துறையில் உழைத்த தொழிலாளியின் மகன் நான். ஆயினும் ஆமை ஏறும் கரையும் ஒரு வகை மேடுதான் என்பதைத் திட்டம் வகுப்போர் கணக்கில் எழுதினார்களா என்று கேட்பதில் தவறில்லை.

காசிரங்காவுக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஹேடோத் துறையிலிருந்து கப்பலில் கொல்கத்தா சென்று, ஹவுராவிலிருந்து காம்ரூப் எக்ஸ்பிரஸில் ஏறினால் பர்க்கட்டிங்கிலேயே இறங்கலாம். குவஹாத்தியில் இறங்குவோர் பேருந்தில் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் வரவேண்டும். மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்வது நலம். கோஹோரா, பாகோரி, அகரதோலி, புராபஹார் என்று நான்கு வாயில்கள் உண்டு. நேரம் குறைவாயின் பாகோரியைத் தேர்ந்தெடுங்கள், காண்டாமிருகம் அங்கு அதிகம் தென்படுகிறது. விடியற்காலையில் குளிர் கடுமை. நம் தீவில் சால்வைக்கு வேலையில்லை என்றாலும் இங்கு இரண்டு வேண்டும். அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும், கடுகெண்ணெய் வாடைக்குப் பழகவேண்டும். ஜீப்பில் எழும் புழுதிக்கு ஒரு கைக்குட்டையும், குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒரு தொலைநோக்கியும் எடுத்துச் செல்லலாம். லம்டிங் வழியாக வரும் நம் அன்பர்கள் சங்கத்தின் மூலம் எனக்குத் தெரிவித்தால், வண்டி நேரங்களை விசாரித்துச் சொல்ல முடியும்.